தாத்தாவோட பட்டாளத்து பேப்பர் படிக்கணும், இங்கிலீஷ்ல குடும்பக் கதை எழுதணும், என்னென்ன வார்த்தை தெரியணும்?

கேள்வி இதுதான். திருத்தணி பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு காலேஜ் பொண்ணு கேட்டிருக்கு. கொள்ளுத்தாத்தா ரெண்டாவது உலகப்போர்ல பட்டாளத்துல இருந்தவராம். வீட்டு ட்ரங்க் பெட்டியில அவரோட டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட், ரெண்டு மெடல், அவர் தம்பி காணாமப் போனதா 1942-ல வந்த ஒரு தந்தி, இவ்ளோ இருக்குதாம். கொள்ளுத்தாத்தாவோட தங்கச்சி கல்யாணமாகி மலேயா, அதான் இன்னைக்கு மலேசியா, அங்க ரப்பர் தோட்டத்துக்குப் போய் அங்கயே தங்கிட்டாங்க, அவங்க பேரப்பிள்ளைங்க இப்ப தேடிக் கண்டுபிடிச்சு பேசறாங்க, குடும்பக் கதைய எழுதி அனுப்பச் சொல்றாங்க, ஆனா அவங்களுக்கு தமிழ் பேச வரும் படிக்க வராது, இங்கிலீஷ்லதான் எழுதணும். அதுக்கு வார் பத்தியும் ஃபேமிலி பத்தியும் வொக்காபுலரி லிஸ்ட் எங்க கிடைக்கும், எவ்ளோ வார்த்தை மனப்பாடம் பண்ணணும், வாக்கியம் எப்படி அமைக்கணும், காணாமப் போன தம்பிய எங்க தேடணும்னு கேக்குது.

லிஸ்ட் வேணாம்மா. வார் வொக்காபுலரின்னு தேடினா டேங்க், மிஸைல், ட்ரூப்ஸ், என்மின்னு வரும், உன் பெட்டியில இருக்கற பேப்பர்ல அதுல ஒண்ணு கூட இருக்காது. பேப்பர்ல இருக்கறதெல்லாம் உனக்கு ஏற்கனவே தெரிஞ்ச மாதிரி தோணற வார்த்தைங்கதான், கேரக்டர், க்ளாஸ், கம்பெனி, கேஷுவல்ட்டி, எஸ்டேட், ஆக்குபேஷன். தெரிஞ்ச மாதிரி இருக்கறதுதான் ஆபத்து, ஏன்னா அந்த பேப்பர்ல அதுக்கு வேற அர்த்தம், தப்பா புரிஞ்சுக்கினா செத்துப்போன மனுஷனைப் பத்தி தப்பான சேதிய எழுதி அனுப்பிடுவோம், அப்புறம் அதையே அவங்க பிள்ளைங்களும் நம்பும். அதனால கையில இருக்கற பேப்பர்ல ஆரம்பி, ஒவ்வொரு வரியா.

நான் குடியாத்தம் பக்கம், இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். வேலூர், காட்பாடி, குடியாத்தம், அந்தாண்ட சித்தூர், பலமநேர் வரைக்கும் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊரு கம்மி, வேலூர் பக்கத்துல கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. அதனால பழைய பேப்பரை தூக்கிக்கினு படிச்சு சொல்லுங்க சார்னு வர்றவங்க இன்னைக்கும் உண்டு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு, போனா நின்னு படி. இந்த ஊர்ல இருந்து 277 பேர் கிரேட் வாருக்குப் போனாங்க, அதுல 14 பேர் உயிரைக் கொடுத்தாங்கன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும். கிரேட் வார்னா 1914 - 18 நடந்த முதல் உலகப்போர், ரெண்டாவது ஒண்ணு வரும்னு அப்ப தெரியாதில்ல, அதனால அதுக்கு அதான் பேரு. பழைய பேப்பர்ல கிரேட் வார்னு வந்தா வருஷத்தை அப்படி புரிஞ்சுக்க. கேவ் அப் தேர் லைவ்ஸ்ங்கறது கல்லுல பொறிக்கற பாஷை, மரியாதைக்கு எழுதறது. பட்டாளத்து ரெக்கார்டுல அப்படி எழுத மாட்டாங்க, அங்க கில்ட் இன் ஆக்‌ஷன், டைட் ஆஃப் வூண்ட்ஸ், டைட் ஆன் சர்வீஸ்னு தனித்தனியா இருக்கும். முதலாவது சண்டை நடக்கும்போதே செத்தது, ரெண்டாவது காயம்பட்டு அப்புறமா செத்தது, மூணாவது மலேரியாவோ வயித்துப்போக்கோ வண்டி கவுந்தோ எதுல வேணா இருக்கலாம். நீ எழுதும்போது பேப்பர்ல எது இருக்கோ அதையே எழுது, எல்லாத்தையும் கில்ட்னு மாத்தாத.

இப்ப டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட்டை எடு. நாலா மடிச்சு மடிப்புல கிழிஞ்சிருக்கும், பிரிக்கும்போது பார்த்து, செல்லோடேப் மட்டும் ஒட்டிடாத, அது கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி எழுத்தையே தின்னுடும். மேல ஒரு நம்பர் இருக்கும், அது சர்வீஸ் நம்பர், தனியா நோட்டுல எழுதி வெச்சுக்க. அடுத்தது ரேங்க். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார்னு போகும், அதுக்கு மேல ஜமேதார், சுபேதார். இதெல்லாம் இங்கிலீஷ் வார்த்தையே இல்ல, அதனால சிப்பாய்ங்கறதை சோல்ஜர்னு மாத்தி எழுதாத, அப்படியே விட்டுட்டு பக்கத்துல ஒரு வரி விளக்கம் கொடு. ஜமேதார்ங்கற பேரை 1965-ல நாயப் சுபேதார்னு மாத்திட்டாங்க, அதனால இன்னைக்கு பட்டாளத்துல இருக்கறவங்களைக் கேட்டா அப்படி ஒரு ரேங்கே இல்லைன்னு சொல்லுவாங்க, கொழம்பாத. மெட்ராஸ் சேப்பர்ஸ்ல, அதாவது பாலம், ரோடு, கண்ணிவெடி வேலை பார்க்கற பொறியாளர் படையில இருந்தா சிப்பாய்க்கு பதிலா சேப்பர்னு இருக்கும், பீரங்கிப் படைன்னா கன்னர், சர்வீஸ் கோர்ல லாரி ஓட்டினவரு டிரைவர். பட்டாளத்து பேப்பர்ல கம்பெனின்னா நூறு சொச்சம் பேர் கொண்ட படைப்பிரிவு, வேலைக்குப் போற கம்பெனி இல்ல.

க்ளாஸ்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன படிச்சாருன்னு தேடாத. பிரிட்டிஷ்காரன் ஆளுங்களை ஜாதி, மதம், பிரதேசம்னு பிரிச்சு வெச்சிருந்தான், அந்தப் பிரிவுக்குதான் க்ளாஸ்னு பேரு, மெட்ராஸின்னு இருக்கலாம், தமிழ்னு இருக்கலாம், ஆதி திராவிடா, கிறிஸ்டியன்னு இருக்கலாம். படிப்புக்கு வேற கட்டம், அங்க ரோமன் உருதுன்னு பார்த்தா ஆச்சரியப்படாத, அந்தக் காலத்து பட்டாளத்துல இங்கிலீஷ் எழுத்துல உருது எழுதறதுதான் பொது பாஷை, நம்ம ஆளுங்க தெலுங்கும் தமிழும் மட்டும் தெரிஞ்சு போய் அங்க அதைக் கத்துக்கினு வந்தாங்க. என்ரோல்ட்னா சேர்ந்த தேதி. அப்பேரண்ட் ஏஜ்னு ஒண்ணு வரும், அதாவது பார்க்கறதுக்கு இந்த வயசு மாதிரி தெரியறார்னு எழுதறது. பர்த் சர்டிஃபிகேட் இல்லாத காலம், பதினாறு வயசுப் பையன் பதினெட்டுன்னு சொல்லி சேர்ந்ததும் நடந்திருக்கு, அதனால அதை வெச்சு பொறந்த வருஷத்தை அடிச்சு சொல்லாத, அபவுட்னு ஒரு வார்த்தை முன்னாடி போட்டு எழுது, அபவுட் 1922. குடும்ப வரலாறு எழுதறவங்க இதுக்கே சர்கான்னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க, ரெண்டும் சரிதான்.

காஸ் ஆஃப் டிஸ்சார்ஜ், இதை ரொம்ப கவனமா படி. டிஸ்சார்ஜ்ட் வேற, டிஸ்மிஸ்ட் வேற. முதலாவது முறையா வீட்டுக்கு அனுப்பறது, ரெண்டாவது தண்டனை. டீமொபிலைசேஷன், ரிலீஸ்னு இருந்தா போர் முடிஞ்சு ஆள் குறைச்சாங்கன்னு அர்த்தம், 1946, 47-ல வந்த பேப்பர்ல இதுதான் ஜாஸ்தி பார்க்கலாம். இன்வாலிடட் அவுட்னா உடம்பு முடியாம அனுப்பிட்டாங்க, அந்த வார்த்தைய செல்லாதுங்கற அர்த்தத்துல படிச்சுட்டு சர்டிஃபிகேட்டே செல்லாது போலன்னு தூக்கிப்போட இருந்த வீட்டை எனக்குத் தெரியும். அட் ஹிஸ் ஓன் ரெக்வெஸ்ட் ஆன் கம்பாஷனேட் கிரவுண்ட்ஸ்னா வீட்டுல அப்பாவுக்கு முடியல, நிலத்தைப் பார்க்க ஆள் இல்லன்னு அவரே எழுதிக் கொடுத்து வந்தது. சர்வீசஸ் நோ லாங்கர் ரெக்வயர்ட்னு இருந்தா படிக்க கஷ்டமா இருக்கும், ஏதோ பண்ணிட்டாரு போலன்னு தோணும், ஆனா அதை மட்டும் வெச்சு கெட்டதா முடிவு பண்ணாத, அடுத்த கட்டத்தைப் பாரு. அதான் கேரக்டர். இது குணத்துக்குக் கொடுக்கற மார்க் மாதிரி, எக்ஸெம்ப்லரின்னா மேல்மட்டம், அடுத்தது வெரி குட், அதுக்கும் கீழதான் குட். இந்த வரிசை தெரியாம வெறும் எக்ஸாம்பிள்னு நெனச்சு கடந்து போயிடாத, எக்ஸெம்ப்லரின்னு இருந்தா உன் கதையில அது ஒரு வரியா வரணும்.

கடைசியில கட்டைவிரல் ரேகை இருக்கும், பக்கத்துல எல்.டி.ஐ.ன்னு போட்டிருப்பாங்க, இடது கைப் பெருவிரல் ரேகைன்னு அர்த்தம். அந்த ரேகைய மொபைல்ல கிட்டக்க போட்டோ எடுத்து மலேசியாவுக்கு அனுப்பு. போட்டோவே இல்லாத மனுஷனுக்கு அவரோட உடம்புல இருந்து மிச்சம் இருக்கறது அதுதான், அங்க இருக்கறவங்க அதைப் பார்க்கணும்.

நெக்ஸ்ட் ஆஃப் கின்னு ஒரு வரி வரும். ஏதாவது ஆச்சுன்னா யாருக்கு சேதி சொல்லணும்னு அவர் கொடுத்த பேரு. ஏர்ங்கறது வேற, சொத்துக்கு வாரிசு, தாலுகா ஆபீஸ்ல வாங்கறோமே லீகல் ஏர் சர்டிஃபிகேட், அந்த ஏர். ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல. கல்யாணம் ஆகாம போன பசங்க அப்பா பேரோ அம்மா பேரோ கொடுத்திருப்பாங்க, உனக்கு எள்ளுப்பாட்டி பேரு தெரியலன்னா அது இந்த வரியில கிடைக்க வாய்ப்பு இருக்கு. ஃபேமிலி அலாட்மெண்ட்னா சம்பளத்துல மாசாமாசம் வீட்டுக்குப் போற பங்கு. வீட்டு ஆயா யாராவது இருந்தா கேட்டுப் பாரு, மணியார்டர் வந்த கதை கண்டிப்பா சொல்லுவாங்க.

இப்ப அந்தத் தந்தி. அந்தக் காலத்துல தந்தியில வார்த்தைக்குக் காசு, அதனால சுருக்கமா இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் அளந்து போட்டது. மிஸ்ஸிங்னா காணோம், அவ்ளோதான், செத்ததாவும் சொல்லல உயிரோட இருக்கறதாவும் சொல்லல. மிஸ்ஸிங் பிலீவ்ட் கில்ட்னா செத்திருக்கணும்னு நினைக்கறாங்க. மிஸ்ஸிங் பிலீவ்ட் ப்ரிஸனர் ஆஃப் வார்னா பிடிபட்டிருக்கணும்னு நினைக்கறாங்க. ப்ரெஸ்யூம்ட் டெட்னா ரொம்ப நாள் பார்த்துட்டு இனிமே செத்ததாவே வெச்சுக்கலாம்னு சர்க்கார் முடிவு பண்ணது, அதுல போடற தேதி நிஜமா இறந்த தேதியா இல்லாமயும் இருக்கலாம். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு, அங்க மட்டும் கிட்டத்தட்ட 40,000 இந்திய சிப்பாய்ங்க ஜப்பான்காரன் கையில சிக்கினாங்க, ஊர்ல இருக்கற வீடுங்களுக்கு மாசக்கணக்கா எந்த விவரமும் இல்ல, மிஸ்ஸிங்ங்கற ஒரு வார்த்தையோட உக்காந்திருந்தாங்க. உன் வீட்டுத் தந்தி அந்த வருஷத்துதுன்னா அது அந்தக் கூட்டத்துல ஒண்ணா இருக்கலாம், ஆனா தந்தியில எடம் போடலன்னா நீயா சிங்கப்பூர்னு எழுதாத, பர்மாவும் இருக்கு, எகிப்து லிபியா பக்கமும் நம்ம ஆளுங்க அப்ப இருந்தாங்க.

கேஷுவல்ட்டின்னு எங்கயாவது வந்தா அது செத்தவங்க மட்டும் இல்ல. செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்க, பிடிபட்டவங்க எல்லாரும் சேர்ந்த கணக்கு. நம்ம ஊர்ல கேஷுவல்ட்டின்னா ஆஸ்பத்திரியில அவசரமா தூக்கிட்டுப் போற எடம், டிவியில கேஷுவல்ட்டின்னா சாவு, ரெண்டுமே இங்க பொருந்தாது. ஒரு கம்பெனியில அறுபது கேஷுவல்ட்டின்னு படிச்சா அறுபது பிணம்னு எழுதக் கூடாது.

பிடிபட்டவங்க கதை இன்னும் சிக்கல், ஏன்னா அதுல ஒரு பகுதி பேர் ஐ.என்.ஏ.வுல, அதான் இந்திய தேசிய ராணுவத்துல சேர்ந்தாங்க. 1942-ல பிடிபட்ட இந்திய அதிகாரி மோகன் சிங் ஆரம்பிச்சாரு, 1943 ஜூலைல நேதாஜி சிங்கப்பூர் வந்து எடுத்து நடத்தினாரு, தோட்டத்துத் தமிழங்க ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருமே சேர்ந்தாங்க. இவங்களைப் பத்தின பேப்பர் எதையாவது பார்த்தீன்னா பிரிட்டிஷ் பக்கம் அவங்களை ஜிஃப்னு எழுதியிருக்கும், ஜப்பான் பக்கம் போன இந்தியப் படைங்கறதோட சுருக்கம், திட்டறதுக்கு வெச்ச பேரு, அதை உன் வாக்கியத்துல எடுத்துக்காத. போர் முடிஞ்சு திரும்பி வந்தவங்களை விசாரிச்சு வொயிட், கிரே, ப்ளாக்னு மூணா பிரிச்சாங்க. நிறத்துக்கும் ஜாதிக்கும் சம்பந்தம் இல்ல. வொயிட்னா விசுவாசமா இருந்தான்னு திரும்ப சேத்துக்கினாங்க, கிரேன்னா ஏமாந்து போனவன்னு சொல்லி வெளிய அனுப்பினாங்க, ப்ளாக்னா மனசாரப் போனவன், டிஸ்மிஸ் பண்ணி சம்பளப் பாக்கியையும் பிடிச்சுக்கினாங்க. இங்க டிஸ்மிஸ்ட்னு பார்த்தா வெக்கப்பட ஒண்ணும் இல்ல, பின்னால அதே ஆளுங்களுக்குதான் நம்ம சர்க்கார் 1972-ல தொடங்கின தியாகிகள் பென்ஷன்ல எடம் கொடுத்துச்சு. நீ எழுதும்போது ஹி ஜாயின்ட் தி இண்டியன் நேஷனல் ஆர்மின்னு நேரா எழுது, டிரெயிட்டரும் வேணாம், ஹீரோவும் வேணாம், அவர் என்ன செஞ்சாருங்கறது போதும். ஆனா பேப்பரோ நேர்ல பார்த்தவங்க வாயால சொன்னதோ இல்லாம அதையும் எழுதாத, காணாமப் போனவங்க எல்லாரையும் நேதாஜி கூட இருந்தாருன்னு சொல்ற பழக்கம் நம்ம பக்கம் ஜாஸ்தி.

மலேயா பக்கத்துக்கு வேற வார்த்தைங்க. உன் கொள்ளுத்தாத்தாவோட தங்கச்சி இருந்த எஸ்டேட் ரப்பர் தோட்டம். ஆனா கோர்ட்டு பேப்பர்ல எஸ்டேட் ஆஃப் தி டிசீஸ்ட்னு வந்தா இறந்தவர் விட்டுட்டுப் போன சொத்து, அது ஒரு சைக்கிளும் ரெண்டு குண்டானாவும் இருந்தா கூட எஸ்டேட்தான். ஆக்குபேஷன்னு ஃபார்ம்ல இருந்தா தொழில், கல்டிவேட்டர், வீவர், டேப்பர்னு போட்டிருப்பாங்க, டேப்பர்னா ரப்பர் பால் வெட்டறவங்க. அதே வார்த்தை ஜாப்பனீஸ் ஆக்குபேஷன்னு வந்தா 1942 தொடங்கி 1945 வரைக்கும் ஜப்பான்காரன் நாட்டைப் பிடிச்சு ஆண்ட காலம். மலேசியாவுல இருக்கறவங்க டியூரிங் தி ஆக்குபேஷன்னு எழுதினா எந்த வேலையில இருந்தப்பன்னு கேட்டுடாத.

அந்தக் காலத்துலதான் சயாம்ல, அதான் இன்னைக்கு தாய்லாந்து, அங்க இருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டாங்க, 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. அதுக்கு வெள்ளைக்கார கைதிங்களையும் கொண்டு போனாங்க, தோட்டத்துத் தமிழங்களையும் கொண்டு போனாங்க. ரெண்டு பேருக்கும் வார்த்தை ஒண்ணு இல்ல. கைதி சிப்பாய் ப்ரிஸனர் ஆஃப் வார். தோட்டத்து ஜனங்க சிவிலியன், அவங்களை அங்க ஃபோர்ஸ்ட் லேபரர்னு எழுதணும், ஜப்பான் பாஷையில ரோமூஷான்னு சொல்லுவாங்க. கைதிங்களுக்குக் கணக்கு இருந்துச்சு, செத்தவங்க 12,000-த்துக்கும் மேல, தாய்லாந்து காஞ்சனபுரியில கிட்டத்தட்ட 7,000 பேருக்கு கல்லறை இருக்கு, பேரு போட்டு. தோட்டத்துல இருந்து போன ஜனங்க அதை விடப் பல மடங்கு செத்தாங்க, பேரு போட்ட கல்லு கிடையாது. அதனால உங்க மலேசியா சொந்தத்துல யாராவது சயாமுக்குப் போய் திரும்பலன்னா கூகுள்ல கைதி லிஸ்ட்ல தேடி கிடைக்கலன்னு விட்டுடாதீங்க, அந்த லிஸ்ட்ல அவங்க இருக்கவே மாட்டாங்க. வீட்டுப் பெரியவங்க சொல்றதுதான் ரெக்கார்ட். அதுக்கு இங்கிலீஷ்ல ஓரல் டெஸ்டிமனின்னு மரியாதையான பேரே இருக்கு.

பர்மாவுல இருந்து நடந்து வந்தவங்களுக்கும் வார்த்தை கவனமா போடணும். 1942-ல குண்டுக்கு பயந்து மலையும் காடும் தாண்டி வந்தவங்களை சர்க்கார் எவாக்குவீன்னு பதிவு பண்ணாங்க. 1960-களில பர்மா சர்க்கார் கடைகளை எல்லாம் எடுத்துக்கினப்போ வந்தவங்க ரிபேட்ரியேட். தமிழ்ல ரெண்டு பேரையும் பர்மா அகதின்னுதான் சொல்றோம், இங்கிலீஷ்ல ரெஃப்யூஜின்னு போட்டா எந்த வருஷத்து ஆளுன்னே தெரியாம போயிடும்.

சொந்தம் சொல்ற வார்த்தைங்க. இங்கதான் நம்ம ஆளுங்க திண்டாடறது, இங்கிலீஷ்ல அங்கிள், ஆன்ட்டி, கசின்னு மூணே மூணுல எல்லாரையும் அடைச்சுடறான். கொள்ளுத்தாத்தா கிரேட் கிராண்ட்ஃபாதர், எள்ளுத்தாத்தா கிரேட் கிரேட் கிராண்ட்ஃபாதர். கொள்ளுத்தாத்தாவோட தங்கச்சி உனக்கு கிரேட் கிராண்ட் ஆன்ட். அவங்க பேரப்பிள்ளைங்க உன் அப்பாவுக்கு செகண்ட் கசின், உனக்கு செகண்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட். ரிமூவ்ட்னா விலக்கினதுன்னு நெனச்சுக்காத, ஒரு தலைமுறை தள்ளி இருக்காங்கன்னு அர்த்தம். ஆனா இந்தக் கணக்கை எல்லாம் கதைக்குள்ள போட்டு படிக்கறவங்களைக் கஷ்டப்படுத்தாத, ஹிஸ் எல்டர் பிரதர், ஹிஸ் சிஸ்டர்ஸ் கிராண்ட்சன்னு யாரோட யாருன்னு சொல்லிட்டா போதும். பெரியப்பாவை வெறும் அங்கிள்னு எழுதாம மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்னு எழுது. மாமான்னு வந்தா யாருன்னு முதல்ல நீ முடிவு பண்ணு, அம்மாவோட தம்பியா, அத்தை புருஷனா, மாமனாரா. நம்ம பார்டர் பக்கம் தமிழ் வீடு தெலுங்கு வீடு ரெண்டுலயும் அக்கா பொண்ணைக் கட்டறது சகஜம், அதனால ஒரே ஆளு தாய்மாமனாவும் புருஷனாவும் இருப்பாரு. அதை மறைக்காத, ஹி மேரீட் ஹிஸ் எல்டர் சிஸ்டர்ஸ் டாட்டர்னு ஒரே வரியில எழுதிட்டு இங்க அது வழக்கம்னு சேர்த்துடு. மறைச்சா ஃபேமிலி ட்ரீ போடும்போது கோடு எங்கயும் போய் சேராது.

பத்திரத்துல இஷ்யூன்னு வந்தா பிரச்சினை இல்ல, பிள்ளைங்க. டைட் வித்தவுட் இஷ்யூன்னா பிள்ளை இல்லாம செத்தாரு, பிரச்சினை இல்லாம செத்தாருன்னு இல்ல. லேட்னு பேருக்கு முன்னால போட்டா காலஞ்சென்ற. எக்ஸ்பயர்ட்னு நம்ம ஊர்ல எழுதறோம், வெளிநாட்டுல படிக்கறவங்களுக்கு மாத்திரை தேதி முடிஞ்ச மாதிரி தெரியும், டைட்னு எழுது, அதுல மரியாதைக் குறைவு எதுவும் இல்ல. மலேசியா பேப்பர்ல பேருக்கு நடுவுல ஏ சாய்கோடு எல், ஏ சாய்கோடு பி-ன்னு பார்ப்ப, அது மலாய், மகன், மகள்னு அர்த்தம். அதை இனிஷியல்னு நெனச்சு அவர் பேரோட சேத்துடாத.

ஊர் பேரும் வருஷமும் உன் விஷயத்துல முக்கியம். நீ இருக்கறது இன்னைக்கு திருவள்ளூர் மாவட்டம், ஆனா 1942 பேப்பர்ல சித்தூர் ஜில்லான்னு இருக்கும். 1911-ல வட ஆற்காட்டுல இருந்து பிரிச்சு சித்தூர் ஜில்லா ஆக்கினாங்க, ஆந்திரா பிரிஞ்சப்போ திருத்தணி அந்தப் பக்கம் போச்சு, எல்லை மாத்தி 1960 ஏப்ரல் 1 அன்னைக்குதான் இந்தப் பக்கம் வந்துச்சு. மலேசியாவுல இருக்கறவங்க கையில இருக்கற பழைய பேப்பர்ல நார்த் ஆர்காட்னோ சித்தூர்னோ இருந்தா நாம வேற ஊரான்னு பயந்துடுவாங்க. அதனால எழுதும்போது தென் இன் சித்தூர் டிஸ்ட்ரிக்ட், நவ் இன் திருவள்ளூர் டிஸ்ட்ரிக்ட்னு ரெண்டையும் போடு. தென், நவ், ஃபார்மர்லி, இந்த மூணு வார்த்தை பார்டர் ஊர்க்காரங்களுக்கு ரொம்ப உதவும்.

வருஷத்துக்கு ஆயாவைக் கேட்டா சித்ரபானு வருஷத்துல போனாரு, பார்த்திப வருஷம் வந்தாருன்னு சொல்லுவாங்க. சித்ரபானு 1942 ஏப்ரல்ல இருந்து 1943 ஏப்ரல் வரைக்கும், அடுத்து சுபானு, தாரண, பார்த்திப 1945 - 46. இது அவ்ளோ துல்லியமான சாட்சி, கையில டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தா ஒத்துப் பாரு. ஜப்பான்காரன் குண்டு போட்டப்போன்னு சொன்னா கொஞ்சம் தோண்டிக் கேளு, விசாகப்பட்டினம் காக்கிநாடா மேல 1942 ஏப்ரல் 6 அன்னைக்கு போட்டான், அந்த மாசமே மெட்ராஸ்ல இருந்து ஜனங்க மூட்டை கட்டிக்கினு ரயிலேறி நம்ம பக்கமெல்லாம் வந்துட்டாங்க, அதுக்கு எவாக்குவேஷன்னு சொல்லுவாங்க. மெட்ராஸ் மேல போட்டது 1943 அக்டோபர்ல. எந்தக் குண்டுன்னு தெரிஞ்சா வருஷம் தெரிஞ்சுடும்.

மெடல்ல நட்சத்திர வடிவத்துல இருந்தா நடுவுல எழுதியிருக்கும், பர்மா ஸ்டாரா, ஆஃப்ரிக்கா ஸ்டாரா, இத்தாலி ஸ்டாரான்னு, அதுல இருந்தே எந்தப் பக்கம் போனாருன்னு தெரியும். வட்டமா இருக்கறதுல சிங்கம் ஒரு பிராணி மேல நிக்கற மாதிரி இருந்தா அது வார் மெடல், 28 நாள் சர்வீஸ் இருந்தாலே கொடுத்தாங்க. அதனால அவார்டட் ஃபார் பிரேவரின்னு எழுதக் கூடாது, ரிசீவ்ட் தி பர்மா ஸ்டார்னு எழுது, அதுவே பெருமைதான். வீரத்துக்குக் கொடுக்கறதுக்கு கேலன்ட்ரி அவார்டுன்னு பேரு. நம்ம மெட்ராஸ் சேப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் 1944-ல இத்தாலியில கண்ணிவெடி மேல தானே விழுந்து கூட இருந்தவங்களைக் காப்பாத்தினாரே, அவருக்குக் கொடுத்த ஜார்ஜ் க்ராஸ் அந்த மாதிரி, செத்தப்புறம் கொடுத்ததால பாஸ்த்யுமஸ்னு சொல்லுவாங்க. மெடலோட விளிம்பை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு, பிரிட்டிஷ்காரனோட ரெண்டாவது உலகப்போர் மெடல்ல பேரு இருக்காது, இந்திய சிப்பாய்ங்க மெடல்ல நம்பர், ரேங்க், பேரு, யூனிட் சுருக்கம் பொறிச்சுக் கொடுத்தாங்க. புளி போட்டு மட்டும் தேய்ச்சுடாத, எழுத்து அழிஞ்சுடும்.

வாக்கியம் எப்படி அமைக்கறதுன்னும் கேட்டிருக்க. பட்டாளத்து விஷயம் பாதி செயப்பாட்டுல வரும், வாஸ் போஸ்டட், வாஸ் வூண்டட், வாஸ் டேக்கன் ப்ரிஸனர், வாஸ் டிஸ்சார்ஜ்ட், ஏன்னா அந்த மனுஷன் கையில எதுவும் இல்ல, எல்லாம் அவருக்கு நடந்தது. ஆனா சேர்ந்தது அவரா செஞ்சது, ஹி என்லிஸ்டட். கன்ஸ்க்ரிப்டட்னு எழுதாத, இந்தியாவுல நம்ம ஆளுங்களைக் கட்டாயமா பிடிச்சு பட்டாளத்துல போடற சட்டம் இல்ல, 25 லட்சம் பேரும் தானா போனவங்கதான். பஞ்சம் துரத்திச்சுன்னா அதையும் எழுது, பாவர்ட்டி ட்ரோவ் ஹிம் டு என்லிஸ்ட்னு, அது உண்மை, மறைக்க வேணாம். இந்த மாதிரி நாலு வரி போதும் ஆரம்பத்துக்கு: மை கிரேட் கிராண்ட்ஃபாதர் என்லிஸ்டட் இன் 1942. ஹி சர்வ்ட் இன் பர்மா அண்ட் வாஸ் டிஸ்சார்ஜ்ட் இன் 1946 வித் எக்ஸெம்ப்லரி கேரக்டர். ஹிஸ் யங்கர் பிரதர் வாஸ் ரிப்போர்ட்டட் மிஸ்ஸிங் இன் 1942. தி ஃபேமிலி நெவர் லேர்ன்ட் வாட் ஹாப்பன்ட் டு ஹிம். வருஷம், எடம், கேரக்டர் எல்லாம் உன் பேப்பர்ல இருக்கற மாதிரி மாத்திக்க.

பேப்பர்ல இருக்கறது ஒரு மாதிரி, வீட்டுல சொன்னது ஒரு மாதிரி எழுதணும். பேப்பர்ல இருந்தா ஹி சர்வ்ட். ஆயா சொன்னதுன்னா அக்கார்டிங் டு மை கிராண்ட்மதர். யாரு சொன்னதுன்னே தெரியாம வீட்டுல உலாவற கதைன்னா ஹி இஸ் செட் டு ஹேவ். இந்த மூணையும் பிரிச்சு எழுதறவங்க எழுத்தைதான் நாளைக்கு உன் பேரப்பிள்ளைங்க நம்பி எடுத்துக்க முடியும், அதனால இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் பரவால்ல, இது மட்டும் தவறக் கூடாது.

கடைசியா தம்பிய எங்க தேடறதுன்னு. காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன்னு ஒண்ணு 1917-ல இருந்து இருக்கு, அவங்க சைட்ல பேரு போட்டு சும்மாவே தேடலாம். போர்ல இறந்தவங்க மட்டும்தான் அதுல இருப்பாங்க, அதனால கொள்ளுத்தாத்தா பேரு வராது, தம்பி பேரு வரலாம். செமட்ரின்னா கல்லறை இருக்கு, மெமோரியல்னா தனியா கல்லறை இல்லாதவங்க பேரைச் சுவத்துல பொறிச்சிருக்காங்க. சிங்கப்பூர் கிராஞ்சியில 24,000-த்துக்கு மேல, பர்மாவுல தவுக்கியான் ரங்கூன் மெமோரியல்ல கிட்டத்தட்ட 27,000 பேரு இருக்கு. தேடும்போது ஸ்பெல்லிங்தான் தலைவலி, முனுசாமிய யு போட்டும் தேடு, ரெண்டு ஓ போட்டும் தேடு, கடைசியில சாமிக்கு ஏ டபிள்யூ போட்டும் தேடு. அடிஷனல் இன்ஃபர்மேஷன்ங்கற வரியில சன் ஆஃப்னு அப்பா பேரும் ஊரும் போட்டிருந்தா அதை வீட்டுல தெரிஞ்சதோட ஒத்துப் பாரு, ஊருக்கு சித்தூர், நார்த் ஆர்காட், ரெண்டு ஜில்லாவும் பார்க்கணும். தந்தியில சர்வீஸ் நம்பர் இருந்தா முதல்ல அதைப் போட்டு தேடு, பேரை கிளார்க்கு எப்படி வேணா எழுதியிருப்பாரு, நம்பர் மாறாது.